அறிவுசார் குறைபாடுள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. முப்பது நாற்பது வருடமாக மகனையோ மகளையோ பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும், அல்லது காலமாகிவிடுவார். மறுநாள் காலையில் அந்தப் பொறுப்பு அண்ணியிடமோ சித்தியிடமோ, ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸிடமோ வந்து சேரும். அம்மாவுக்குத் தெரிந்த எதுவும் எழுத்தில் இருக்காது. அப்படித் திடீரெனப் பொறுப்புக்கு வந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பராமரிப்பில் பெரிய ஆபத்து, எல்லாம் ஒரே ஆளிடம், ஒரே கதவுக்குள் இருப்பதுதான். அந்த ஆள் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் சரி. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை எதுவென்று யாருக்கும் தெரியாது. அவர் பொறுமை இழந்து கை ஓங்கினாலும் யாருக்கும் தெரியாது. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றிலும் இரண்டு வேலை சேர்ந்தே வரும்: எழுதி வையுங்கள், இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.

முதல் வாரம்: பார்ப்பதும் எழுதுவதும்

வந்தவுடன் எதையும் மாற்றாதீர்கள். சாப்பிடும் தட்டு, குளிக்கும் நேரம், படுக்கும் மூலை எல்லாம் பழையபடியே இருக்கட்டும். அவரை நன்றாகத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், அம்முச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ. அவர்களோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் அடங்கும்படி எழுதுங்கள். பசித்தால் எப்படிக் காட்டுவார், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வார், பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்ன செய்வார், வலித்தால் முகம் எப்படி ஆகும், எதைக் கண்டால் பயம், எது கையில் இருந்தால் அடங்குவார். அதோடு மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, வலிப்பு உண்டா, எதைச் சாப்பிட்டால் புரையேறும், அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு தாளை ‘ஹாஸ்பிடல் பாஸ்போர்ட்’ என்ற பெயரில் மருத்துவமனைகளே கேட்டு வாங்குகின்றன. நம் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு தடவை சித்தூர், இன்னொரு தடவை பாலக்காடு, பெரிய விஷயமென்றால் கோயம்புத்தூர் என்று நாம் அலைகிறோம். ஓரிடத்தில் நர்ஸ் மலையாளத்தில் கேட்பார், இன்னோரிடத்தில் தமிழில். எனவே வீட்டுப் பிரதி தமிழிலும், பையில் இருக்கும் பிரதி ஆங்கிலத்திலும் இருப்பது நல்லது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் எழுதித் தந்துவிடுவார்கள். தேதி போட மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். அவருக்கு முப்பத்தைந்து வயது என்றால் அவர் முப்பத்தைந்து வயது மனிதர். எந்தச் சட்டை போடுவது, டீயா காப்பியா என்பதை அவரையே கேளுங்கள். இரண்டையும் கையில் காட்டினால் பேச்சு வராதவரும் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார். கேட்டுப் பழகிய வீட்டில்தான், பின்னால் ஏதாவது தப்பாக நடந்தாலும் அவர் ‘வேண்டாம்’ என்று காட்டுவார்.

பிடிவாதம் என்று நினைப்பது வலியாக இருக்கலாம்

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று தலையை முட்டுகிறார், கையைக் கடிக்கிறார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். ‘இவனுக்கு இப்படித்தான், புத்தி சரியில்லை’ என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் டாக்டரும் சொல்வார். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நடத்தை திடீரென மாறினால், வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை அதை உடம்பு நோவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பல், காது, தொண்டை, வயிறு, சிறுநீர், பெண்களுக்கு மாதவிடாய். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா, மகன் கன்னத்தில் அறைந்துகொள்கிறான் என்று தூக்க மாத்திரை வாங்கப் புறப்பட்டார். கூட வந்த ஆஷா பணியாளர் போன் டார்ச்சை அடித்து வாயைப் பார்த்தார். கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை சொத்தை, ஈறு வீங்கிச் சீழ். பல்லை எடுத்த பிறகு அறைவது நின்றது.

இதில் எல்லாரும் அசட்டையாக விடுவது மலச்சிக்கல். கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் குடல் அடைத்துக்கொண்டு உயிரே போன சம்பவங்கள் உண்டு. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அதிகம் நடக்காமல் உட்கார்ந்தே இருப்பது, அப்புறம் மாத்திரைகள், எல்லாம் சேர்ந்து மலத்தை இறுக்கும். குளோசபின், ஓலன்சபின், டிரைஹெக்சிஃபெனிடில் போன்றவை குறிப்பாக இறுக்கும். சமையலறை காலண்டரில் அன்றன்றைய கட்டத்திலேயே மலம் போனால் ஒரு கோடு போடுங்கள். மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். மலம் இறுகியிருக்கும்போதே ஓரத்தில் தண்ணீராகவும் ஒழுகும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் வருடத்துக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனை, கண், காது பார்க்க வேண்டும். அவர்களில் பலருக்கு நாற்பது வயதைத் தாண்டும்போதே மறதி நோய் தொடங்கும். தெரிந்த வேலையை மறப்பதைச் சோம்பல் என்று திட்ட வேண்டாம்.

சாப்பாடு

அவசரமாக ஊட்டுவதால் வரும் ஆபத்து பெரிது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் உடனே மூச்சு அடைக்கலாம், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நிமோனியா ஆகலாம். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரப்பது, கண்ணில் நீர், அடிக்கடி நெஞ்சுச்சளி, எடை குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் விழுங்கும் திறனைப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்தான் இதையும் பார்ப்பார் என்பது பலருக்குத் தெரியாது.

படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஊட்டக் கூடாது. முதுகு நேராக, கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து வாங்குவார், அப்போதுதான் புரையேறும். அதனால் எதிரே அவர் உயரத்துக்கு உட்காருங்கள். சின்ன ஸ்பூன், அரை ஸ்பூன் அளவு. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். டிவி வேண்டாம். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

நம் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை: குழாயிலிருந்து எடுத்த உதிரிப் புட்டு, முழு வேர்க்கடலை, முறுக்கு, முள்ளுள்ள மீன், பெரிய துண்டாக அவித்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு), சீசனில் வழுக்கிக்கொண்டு இறங்கும் நுங்கு. இவற்றை நிறுத்திவிட வேண்டியதில்லை. புட்டைக் கடலைக்கறியில் நன்றாக ஊறவைத்துப் பிசைந்தும், கப்பையை மசித்தும், நுங்கைப் பொடியாக நறுக்கியும் கொடுங்கள்.

அடைத்துக்கொண்டு இரும முடியாமல் திணறினால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேல் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுத்து அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108 அழைக்க வேண்டும். ஊர் பெயரோடு கேரளமா தமிழ்நாடா என்பதையும் சொல்லிவிடுங்கள். இதைப் படித்தால் மட்டும் கை பழகாது. பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (நோய்த் தணிப்பு) நர்ஸ் வீட்டுக்கு வரும்போது ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்.

வலிப்பும் தண்ணீரும்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பும் இருக்கிறது. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் ஸ்பூனோ துணியோ வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். சுற்றியிருப்பதை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்று நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலும் ஆம்புலன்ஸ்தான். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் வலிப்பைப் போனில் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

2013ல் இங்கிலாந்தில், வலிப்பு உள்ள 18 வயது இளைஞர் ஒருவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே இருந்த சிகிச்சைப் பிரிவில், குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். 2015ல் விசாரணை ஜூரி, கவனிப்புக் குறைவும் காரணம் என்று சொன்னது. அவருக்கு வலிப்பு இருப்பதும் அம்மா எச்சரித்ததும் அங்கே தெரிந்தே இருந்தன. பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்த இடத்திலேயே இப்படி. நம் வீடுகளில் குளியல் தொட்டி இல்லை, ஆனால் கிணறு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, தோட்டத்துத் தொட்டி இருக்கிறது. வலிப்பு உள்ளவர் தண்ணீர் பக்கம் தனியாகப் போகக் கூடாது. வீட்டில் ஸ்டூலில் உட்காரவைத்து, மொண்டு ஊற்றிக் குளிக்க வையுங்கள். பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். மானத்துக்குத் திரை போடுங்கள், நீங்கள் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கிணற்றுக்கு இடுப்பு உயரச் சுவரும் மேலே வலையும் வேண்டும். விறகடுப்பு இருந்தால் அவர் பக்கம் தடுப்பு. பூச்சிமருந்து பூட்டிய இடத்தில், அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் தோட்டத்து வீடுகளில் இன்னும் போகவில்லை, அதை இன்றே நிறுத்துங்கள். கள்ளுக்குப் பேர்போன தாலுகா இது. வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு யாரும் விளையாட்டாகக்கூடக் கள் கொடுக்கக் கூடாது என்று உறவுக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

மாத்திரை

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல். வலிப்புக்குக் கோயம்புத்தூர் டாக்டர் வால்பாரின் எழுதுவார். ஆறு மாதம் கழித்துப் பாலக்காட்டில் இன்னொருவர் என்கோரேட் எழுதுவார். பெயர்தான் வேறு, இரண்டும் சோடியம் வால்ப்ரோயேட். வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். தள்ளாட்டம், வாந்தி, எந்நேரமும் தூக்கம் என்று படுத்துவிடுவார். புது மருந்து வந்தால் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதினால் வேறு மாத்திரை உண்டா என்று கேளுங்கள், அது கருவைப் பாதிக்கும்.

வலிப்பு மாத்திரையை ஒருபோதும் திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், பந்த் நாளில் கடை திறக்காது.

அடக்கி வைப்பதற்கென்று கொடுக்கும் மனநல மாத்திரைகளைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. மனநோய் எதுவும் இல்லாதவருக்கு, ‘சத்தம் போடுகிறார்’ என்ற ஒரே காரணத்துக்காக வருடக்கணக்கில் அவற்றைக் கொடுப்பது பராமரிப்பு ஆகாது. இங்கிலாந்தில் 2016லிருந்து இப்படிக் கொடுப்பதைக் குறைக்கத் தனி இயக்கமே நடக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதற்காக? எப்போது திரும்பப் பார்ப்போம்? குறைக்க முடியுமா?

கட்டிப்போடுவதும் பூட்டி வைப்பதும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. ஆனால் தீ வந்தால் கட்டப்பட்ட கால் யாருடையதாக இருந்தாலும் ஓட முடியாது. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகும் வீடுகளுக்கும் இதே ஆபத்துதான்.

வெளியே ஓடிவிடுகிறார் என்ற பயம் நியாயமானது. அதற்கு வேறு வழிகள் உண்டு. எப்போது ஓடுகிறார் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், பஸ் சத்தமோ, பழைய டீக்கடை ஞாபகமோ, வீட்டில் சண்டையோ. தினமும் அதே நேரத்துக்கு நீங்களே கூட்டிப்போய் வந்தால் பலருக்கு ஓட்டம் குறையும். வாசலில் மணி கட்டுங்கள். சட்டை உள்பக்கம் பெயரும் போன் எண்ணும் தைத்து வையுங்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், பஸ் கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவர் முகம் தெரிந்திருக்கட்டும். வேலந்தாவளத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேறு மாநிலம். காணவில்லையென்றால் காத்திருக்காமல் 112 அழையுங்கள், எல்லையின் இரண்டு பக்கப் போலீஸ் நிலையங்களுக்கும் போட்டோ அனுப்புங்கள்.

உடம்பும் அத்துமீறலும்

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் விட முடியாத இடம் இது. உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். யார் தொடலாம், எதற்காகத் தொடலாம் என்பதைக் குளிப்பாட்டும்போதே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ‘இப்போ முதுகு தேய்க்கிறேன் கண்ணு, சரியா?’ என்று கேட்டுவிட்டுத் தொடும் பழக்கம் இருந்தால், கேட்காமல் தொடுபவன் அவருக்கே வித்தியாசமாகத் தெரிவான். பெண்ணுக்கு இந்த வேலைகளைப் பெண்தான் செய்ய வேண்டும்.

காரணம் சொல்ல முடியாத காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டதும் ஒடுங்குவது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பது திரும்புவது, உள்ளாடையில் கறை, இவை தெரிந்தால் குளிப்பாட்டித் துணியைத் துவைத்துவிடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். வயது வந்தவருக்கும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. கொடுமை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் கொடுக்கலாம். போக்சோ சட்டப்படி நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ‘குடும்ப மானம்’ என்று மூடி வைக்கும் வீட்டில் அதே ஆள் மறுபடியும் வருவான்.

ஹோம் நர்ஸ் வைப்பதானால்

பெயரில் நர்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் நர்சிங் படித்தவர் வர மாட்டார். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு வையுங்கள். அடையாள அட்டை நகல் வாங்கி, முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு நீங்களே போன் செய்து, போலீஸ் நிலையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்து எல்லாம் காட்ட வேண்டும். அப்புறம் சொல்லாமல் வந்து பார்க்க அத்தை, மாமா யாராவது இருக்க வேண்டும். இதை முதல் நாளே வந்தவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, இரவில் தூக்கம், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் தூங்காத ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் கத்துவார், அப்புறம் தள்ளுவார்.

வீட்டு ஆளுக்கும் இதேதான். பஞ்சாயத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள், 18 வயது தாண்டியவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையம். கேரளத்துப் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயும் உள்ளாட்சியும் சேர்ந்து நடத்துபவை. பகலில் அவர் அங்கே இருக்கும் நேரம் உங்களுக்கு மூச்சு விடக் கிடைக்கும், இன்னும் சிலர் கண் அவர்மேல் படும். உங்கள் மனம் தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்) அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

காகித வேலை

மருத்துவ போர்டின் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடியும் முதலில். மதிப்பீட்டில் லேசான குறைபாடு 50 சதவீதம், நடுத்தரம் 75, கடுமை 90, மிகக் கடுமை 100 என்று போடுவார்கள். சலுகைகளுக்கு 40 போதும். யுடிஐடி இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் பென்ஷனும் உதவித்தொகையும் எந்த மாநில ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதோ அங்கேதான். இரண்டு பக்கமும் பெயர் இருந்தால் ஒன்றை ஒழுங்காக நீக்கிவிடுங்கள். கேரளத்தில் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உண்டு, அங்கன்வாடியில் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது.

படிவங்கள் மலையாளத்தில் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம்.

18 வயது முடிந்தால் பெற்றோர்கூடச் சட்டப்படி பாதுகாவலர் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். அம்மா இருக்கும்போதே இதை ஆரம்பியுங்கள். அடுத்து யார் பார்ப்பார் என்று உறவுகளைக் கூட்டிவைத்துப் பேசி, அந்த ஆளை இப்போதிருந்தே மாதத்தில் ஓரிரு நாள் வந்து தங்கவிட்டு, மாத்திரை கொடுக்கவும் ஊட்டவும் பழக்குங்கள்.